தலையை நீக்கிவிட்டுப் போர்வை போர்த்துவதா?

அண்மையில் மீலாது விழா மலர் ஒன்று நம் கைக்கு வந்தது. அதனுள் கஸீதத்துல் புர்தாவின் தமிழாக்கம் இடம்பெற்றிருக்கக் கண்டு ஆவலோடு புரட்டினோம். முதற் பாட்டே மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்கியது. முன்னிரண்டு பிரிவுகள் எங்கே போயின என்று தேடினோம். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் விடை கிடைத்தது. முற்பகுதி காதற் பொருளும் தன்னிரக்கமும் கொண்டதாகையால் நபிபெருமானார் (ஸல்) அவர்களின் புகழுக்குப் பொருந்தாதெனக் கருதி விடப்பட்டதாம். எஞ்சியது எண்சீர் விருத்தமாக ஆக்கப்பட்டிருந்தது. அரபி மூலத்தில் எதுகையின் இனிமை இல்லை என்றும், அக்குறையைத் தமிழில் நிறைவு செய்திருப்பதாகவும் முன்னுரை பெருமையோடு கூறியது.

மொழிபெயர்த்த அன்பர் நல்லவர், நபிநேசம் மிக்கவர். அவர் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. இஃது அவர் ஒருவரின் கருத்தாயின் வாளாவிருந்திருப்போம். ஆனால் இதே பேச்சை மேடைகளிலும் மஜ்லிஸ்களிலும் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். 'காதற் பாட்டு எதற்கு? நேரே மத்ஹுக்கு வாருங்கள்' என்கிறார்கள். 'யாப்பு, காஃபியா என்பன புலவர்களின் விளையாட்டு; கருத்துத்தானே வேண்டும்?' என்றும் கேட்கிறார்கள். ஆகவே எழுதுகிறோம்.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறோம். புர்தாவின் சில பைத்துகளைக் கொள்கையளவில் மறுப்போர் உளர். அவர்கள் தம் மறுப்பை வெளிப்படையாகச் சொல்கின்றனர். அவர்களோடு வாதிக்கும் இடம் வேறு. ஈண்டு நம் வழக்கு, பாட்டை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அதனை வெட்டுகிறவர்களோடு மட்டுமே.

பாடியவர் யார்?

இமாம் ஷரஃபுத்தீன் முஹம்மது பூஸிரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 608இல் (கி.பி. 1212) எகிப்தில் பிறந்தவர்கள். பிறந்தது முதலே உலகைத் துறந்தவர்கள் அல்லர். பில்பைஸ் பகுதியில் அரசின் கணக்குப் பணியில் இருந்தார்கள். அதிகாரத்தில் இருந்தோரைப் புகழ்ந்து பாடினார்கள். மக்கள் பொருளைச் சுரண்டிய அலுவலரை அங்கதமாகச் சாடியும் பாடினார்கள். பின்னர் ஷாதுலிய்யா வழியில் அபுல் அப்பாஸ் முர்ஸீ (ரஹ்) அவர்களின் தொடர்பைப் பெற்றார்கள். பக்கவாதத்தால் உடலின் ஒரு பாதி செயலற்றுக் கிடந்த காலத்தில் இப்பாட்டை யாத்தார்கள் என்றும், கனவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் போர்வையை அவர்கள்மீது போர்த்த, விழித்தபோது நோய் நீங்கியிருந்தது என்றும் வரலாறு வழங்குகிறது. 'அல்கவாகிபுத் துர்ரிய்யா' எனத் தொடங்கும் பெயரை அவர்கள் இதற்கு இட்டிருந்தும், போர்வை எனப் பொருள்படும் 'புர்தா' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இவ்வரலாற்றை மேடையில் சொல்லாதவர் இல்லை. அதன் உட்பொருளை எண்ணுவோர் சிலரே. இது நோயாளி ஒருவர் பாடிய பாட்டு. நோயைச் சொல்லாமல் மருத்துவரை மட்டும் புகழ்ந்துவிட்டு எழுந்து போகும் நோயாளி உலகில் உண்டா? முதலிரண்டு பிரிவுகள் நோயைச் சொல்லும் பகுதி. அதனை நீக்கியவர்கள் நோயாளியையே பாட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள்.

நூற்றறுபது பைத்துகளின் கணக்கு

நம் மதரஸாக்களில் ஓதப்படும் பிரதிகளில் புர்தா பத்துப் பிரிவுகளும் 160 பைத்துகளும் கொண்டது. சில பதிப்புகளில் இறுதியில் பிற்காலத்துப் பைத்துகள் சேர்ந்து வருவதுண்டு, அவற்றை விட்டுவிடுவோம். முதற் பிரிவு பிரிவாற்றாமை, 12 பைத்துகள். இரண்டாவது, மனவிச்சையைப் பற்றிய எச்சரிக்கை, 16. மூன்றாவது, அண்ணலாரின் புகழ், 30. நான்காவது, பிறப்பு, 13. ஐந்தாவது, அற்புதங்கள், 16. ஆறாவது, திருக்குர்ஆனின் மாண்பு, 17. ஏழாவது, இஸ்ரா மிஃராஜ், 13. எட்டாவது, அறப்போர், 22. ஒன்பதாவது, பாவமன்னிப்பும் பரிந்துரையும் வேண்டல், 12. பத்தாவது, முனாஜாத், 9.

இப்போது கூட்டிப் பாருங்கள். முன்னே 28 பைத்துகள் பாடுவோன் தன்னைப் பற்றிச் சொல்பவை. பின்னே 21 பைத்துகள் பாடுவோன் தனக்காக வேண்டுபவை. நடுவே நிற்கும் 111 பைத்துகளே புகழ். கரையிரண்டும் கண்ணீர், நடுவே கடல் என்று இதனைச் சொல்லலாம். ஒரு கரையை மட்டும் பெயர்த்து எறிந்தால் எஞ்சுவது கடலாகுமா? முதலிற் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவன் இறுதியில் எதற்காக மன்னிப்பு வேண்டுகிறான்? விழா மலர்க்காரர் பின்னிரு பிரிவுகளை நீக்கவில்லை. ஆகவே அவர் பதிப்பில் குற்றம் இன்னதென்று சொல்லாத ஒருவன் திடீரென்று அழுது மன்னிப்புக் கேட்கிறான்!

வாயிலும் தாழும்

'பிரிவுகள் தனித்தனியானவை, எங்கிருந்தும் தொடங்கலாம்' என்பர் சிலர். பாட்டே அதனை மறுக்கிறது.

அரபிக் கஸீதாவின் முதற் பைத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. பைத்தின் இரு பாதிகளும் ஒரே ஒலியில் முடியும். இதனைத் தஸ்ரீஉ என்பர். பாட்டின் வாயில் இதுவே என்று செவிக்கு அறிவிக்கும் மணி அது. புர்தாவின் முதற் பைத்தில் முற்பாதி ஸலம் என்னும் மரத்தால் பெயர்பெற்ற இடத்தைச் சொல்லி முடிகிறது. பிற்பாதி குருதியைக் குறிக்கும் 'தம்' என்னும் சொல்லில் முடிகிறது. இரண்டிலும் ஒரே மகர ஈறு. மூன்றாம் பிரிவின் முதற் பைத்தில் இவ்வடையாளம் இல்லை. அதன் முற்பாதி 'வரை' எனப் பொருள்படும் 'இலா' என்ற இடைச்சொல்லில் முடிந்து, வாக்கியம் பிற்பாதிக்குள் பாய்கிறது. வாயிலாக அமைக்கப்பட்ட இடம் அதுவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முதற் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையே உள்ள பிணைப்பைக் காண்க. பன்னிரண்டாம் பைத்தில் நரை அறிவுரையாளனாக வருகிறது. கவிஞர் அதன் சொல்லையும் ஐயுற்றேன் என்கிறார். பதின்மூன்றாம் பைத்தில் அதே நரை எச்சரிப்பவனாக வருகிறது. தீமையை ஏவும் மனம் அதற்கும் செவிசாய்க்கவில்லை என்கிறார். தமிழர்க்கு இதனை விளக்க வேண்டா. அந்தாதியின் சுவையறிந்தவர்கள் நாம். அதற்கும் மேலாக, பதின்மூன்றாம் பைத்து 'ஏனெனில்' எனப் பொருள்படும் 'ஃப' என்ற இணைப்பெழுத்தோடு தொடங்குகிறது. முதற் பன்னிரண்டை மட்டும் நீக்கி ஓதுவோர் 'ஏனெனில்' என்று பாட்டைத் தொடங்குகின்றனர். எதற்கு ஏனெனில் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பாட்டின் வாலையும் நோக்குக. முதற் பிரிவில் காற்று வருகிறது. பான் என்னும் மரம் வருகிறது. நூற்றறுபதாம் பைத்தில், ஸலவாத்து என்றும் பொழிய வேண்டுமென இறைஞ்சும் இடத்தில், அதே காற்றும் அதே பான் மரமும் மீண்டும் வருகின்றன. ஒட்டகங்களை ஓட்டுவோனின் பாட்டும் கூடவே கேட்கிறது. 'இசை' எனப் பொருள்படும் 'நகம்' என்னும் சொல்லோடு கஸீதா நிறைவெய்துகிறது. தொடக்கத்தில் பிரிவுத் துயரை மூட்டிய காற்று முடிவில் மகிழ்ச்சியால் கிளையை அசைக்கிறது. தலையை வெட்டியவர்கள் வாலின் பொருளையும் வெட்டிவிட்டார்கள் என்பதை அறிவார்களா?

மாணவன் கேட்ட கேள்வி

பிறரைக் குறைகூறும் முன் நம் குற்றத்தையும் சொல்லிவிடுவது முறை. மதரஸாவில் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில் நாமும் இதே தவற்றைச் செய்தோம். ஆண்டு விழாவில் அரைமணி நேரமே கொடுத்தார்கள். 'சிறுவர்கள் ஓதுவதற்குக் காதற் பகுதி எதற்கு?' என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நாமும் மூன்றாம் பிரிவிலிருந்து பழக்கினோம். பொருளும் சொல்லிக் கொடுத்தோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, 'ஹஜ்ரத், புகழ்ப் பாட்டு என்று சொன்னீர்களே! முதற் சொல்லே அநீதி இழைத்தேன் என்று வருகிறதே! அவர் யாருக்கு என்ன செய்தார்?' என்று கேட்டான்.

நமக்கு விடை தெரிந்திருந்தது. அவனிடம் சொல்லத்தான் நாவெழவில்லை. விடை இருக்கும் பகுதியை நாமே அல்லவா மறைத்திருந்தோம்! இருபத்தெட்டாம் பைத்தில் கவிஞர், கடமையான தொழுகை நோன்புகளுக்கு மேல் நான் எதையும் சேர்த்துக்கொள்ளவில்லையே என்று இரங்குகிறார். அடுத்த பைத்திலே, பாதம் வீங்கும் வரை இரவெல்லாம் நின்று வணங்கிய பெருமானாரின் வழிக்கு அநீதி இழைத்தேன் என்கிறார். தன் குறையைச் சொன்ன மூச்சிலேயே அவர்களின் நிறைவைச் சொல்கிறார். ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குத் தையல் தெரியாமல் செல்லும் இத்திறத்தை அரபி அணிநூலார் தகல்லுஸ் என்பர். நோன்பு நோற்கவில்லை என்ற வினையில் ஒரு பைத்து முடிகிறது. வீக்கத்தைக் குறிக்கும் 'வரம்' என்ற சொல்லில் அடுத்த பைத்து முடிகிறது. அங்கே ஒருவனின் சோம்பல். இங்கே ஒருவரின் வீங்கிய பாதம். இரண்டும் ஒரே இயைபில் அருகருகே நிற்கின்றன. புர்தாவில் புகழ் பிறக்கும் இடம் இதுதான். ஒப்புநோக்கி வெட்கிய நெஞ்சிலிருந்தே அது பிறக்கிறது. அச்சிறுவனின் கேள்விக்குப் பின் நாம் ஒருபோதும் புர்தாவை நடுவிலிருந்து கற்பித்ததில்லை.

அண்ணலார் கேட்ட பாட்டு

'எவ்வளவு சொன்னாலும் காதற் பேச்சு நபிபுகழின் முன் தகுமா?' என்பதே எதிர்த்தரப்பின் வலிய கேள்வி. பணிவிலிருந்து எழும் கேள்வி ஆதலின் அதனை மதிக்கிறோம். விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை; கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் வரலாறு சொல்லும்.

கஅப் எதிரியாயிருந்து உயிருக்கு அஞ்சி மதீனா வந்தவர். அண்ணலாரின் முன்னிலையில் 'பானத் ஸுஆத்' எனத் தொடங்கும் கஸீதாவைப் பாடினார். இப்னு ஹிஷாம் தம் சீறாவில் அதனைப் பதிந்துள்ளார். அக்கஸீதா ஸுஆத் என்னும் பெண்ணின் பிரிவில் தொடங்குகிறது. ஒட்டக வருணனையில் நடக்கிறது. அதன் பின்னரே அச்சமும் மன்னிப்பு வேண்டலும் புகழும் வருகின்றன. பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைக் கேட்டார்கள், மன்னித்தார்கள், தம் போர்வையை அவருக்கு அளித்தார்கள் என்று வரலாறு வழங்குகிறது. 'முற்பகுதியை விட்டுவிட்டு வா' என்று சொன்னதாக எங்கும் இல்லை. முதற் புர்தாவைத் தலையோடு கேட்டவர்கள் அண்ணலார். இரண்டாம் புர்தாவின் தலையை வெட்ட நமக்கு உரிமை தந்தவர் யார்?

பூஸிரியின் முதற் பிரிவிலோ பெண்ணின் பெயரே இல்லை. இடப்பெயர்களும் காற்றும் மின்னலும் கண்ணீரும் உள்ளன. அவ்விடங்கள் ஹிஜாஸின் திசையைச் சுட்டுபவை என்று உரைகாரர் கொள்வர். அவ்வழியே நோக்கினால் மதீனாவின் ஏக்கமே அக்காதல். 1910ஆம் ஆண்டில் எகிப்தின் கவியரசர் அஹ்மது ஷவ்கீ இதே சந்தத்திலும் இதே காஃபியாவிலும் 'நஹ்ஜுல் புர்தா' பாடியபோதும் காதல் முகப்போடுதான் தொடங்கினார். மரபறிந்தோர் எவரும் அதனை இழுக்கென்று கருதியதில்லை.

தமிழ் கற்றோர்க்கு இது புதிதும் அன்று. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடினாரே, நபிவரலாற்றுக்கு அவை எதற்கு என்று வெட்டினோமா? சங்கத்தார் ஆற்றுப்படையில் பாணனின் வறுமையை விரித்துப் பாடிய பின்னரே வள்ளலின் கொடையைப் பாடினர். சிறுபாணாற்றுப்படையில் வறிய அடுக்களைக் காட்சியை நீக்கிவிட்டால் நல்லியக்கோடனின் கொடை யாருக்காக? பாணன் பொருளில் வறியவன். பூஸிரி செயலில் வறியவர். வறுமையைச் சொல்லாமல் கொடையைப் பாடும் வழக்கம் நம் இரு மரபுகளிலும் இல்லை.

சீரளந்து பார்ப்போம்

இனி யாப்புக்கு வருவோம். 'அரபிப் பாட்டில் ஓசைக் கட்டுப்பாடு தளர்ந்தது' என்ற எண்ணம் தமிழாசிரியர் சிலரிடம் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மது வகுத்த அரூள் இலக்கணத்தை அவர்கள் ஒருமுறையேனும் புரட்டியிருந்தால் இவ்வாறு சொல்லார்.

புர்தாவின் சந்தம் பஸீத். ஒரு பைத்துக்கு இரு பாதிகள். பாதிக்கு நான்கு சீர்கள். முஸ்தஃப்இலுன், ஃபாஇலுன், முஸ்தஃப்இலுன், ஃபஇலுன் என்பது வாய்பாடு. இதனைத் தமிழ் அசைகளாகப் பிரித்துப் பாருங்கள். முஸ்–தஃப்–இலுன்: நேர் நேர் நிரை, அஃதாவது தேமாங்கனி. ஃபா–இலுன்: நேர் நிரை, கூவிளம். இறுதியில் வரும் ஃபஇ–லுன்: நிரை நேர், புளிமா. ஆக, தேமாங்கனி கூவிளம் தேமாங்கனி புளிமா என்று ஒரு பாதி நடக்கும். இடையிலுள்ள கூவிளம் புளிமாவாகக் குறுகுவதுண்டு. தேமாங்கனி கருவிளமாகச் சுருங்குவதுமுண்டு. பாதியின் ஈற்றுச் சீர் மட்டும் புர்தாவில் புளிமாவாகவே நிற்கும்.

ஏட்டுக் கணக்கு வேண்டாமெனில் காதால் அளந்து பாருங்கள். புர்தா மஜ்லிஸில் பைத்துகளுக்கிடையே எல்லோரும் சேர்ந்து முழங்கும் ஸலவாத்து அடி உங்களுக்கு மனப்பாடம். அதனை விரலால் தட்டிச் சொல்லுங்கள். தேமாங்கனி புளிமா தேமாங்கனி புளிமா என்று அதன் முற்பாதி இம்மியும் பிசகாமல் வரும். அவ்வடி 160 பைத்துகளுள் ஒன்றன்று. எனினும் அதே சந்தத்தில், அதே மகர ஈற்றில் அமைந்துள்ளது. அரபி அறியாத மூதாட்டியும் வாசற்படியில் அமர்ந்து அதனைச் சொல்லும்போது பூஸிரியின் சந்தத்தில் மூச்சுவிடுகிறாள். யாப்பு புலவரின் விளையாட்டு என்பாரே, காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் புர்தா வழிவழியாக நாவில் நின்றதற்கு யாப்பன்றி வேறெது துணை?

எதுகையா, இயைபா?

விழா மலர்க்காரரின் அடுத்த பேதைமைக்கு வருவோம். 'மூலத்தில் எதுகை இல்லை' என்றார். இல்லைதான், இருக்க வேண்டியதும் இல்லை. எதுகை அடியின் தலையில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. காஃபியா அடியின் இறுதியில் ஒன்றுவது. தமிழில் அதற்கு நேரான பெயர் இயைபு. மோனை, எதுகை, முரண் என்பவற்றோடு இயைபையும் தொடையாகத் தொல்காப்பியம் செய்யுளியலில் வகுத்திருக்கிறது. அதனை மறந்துவிட்டு, பிறர் வீட்டில் தூண் வேறிடத்தில் நிற்பதைக் கண்டு வீடே தூணின்றி நிற்கிறது என்பது அறியாமை.

புர்தாவின் காஃபியா எளியதும் அன்று. உயிர்நிலை எழுத்தாகிய ரவிய்யு, மீம். அதன் மேல் கஸ்ரு. ஓதும்போது 'மீ' என நீளும். அம்மீமுக்கு முன் இரண்டு எழுத்துகளும் உயிர்பெற்றே வரவேண்டும். மூன்று உயிருள்ள எழுத்துகள் இரு ஒற்றுகளுக்கிடையே நெருங்கி நிற்கும் இவ்வகையை முதராகிப் என்பர். 160 இடங்களிலும் இக்கட்டுப்பாடு ஒருமுறையும் நெகிழவில்லை.

இந்த ஒலியைத் தெரிந்தெடுத்ததால் கவிஞருக்குக் கிடைத்த சொற்களை நோக்குக. குருதியைக் குறிக்கும் தம், நோயைக் குறிக்கும் ஸகம், வலியைக் குறிக்கும் அலம், கழிவிரக்கத்தைக் குறிக்கும் நதம், முதுமையைக் குறிக்கும் ஹரம் ஆகியன முன்பகுதியில் வந்து இறுகின்றன. கொடையாகிய கரம், அருட்கொடைகளாகிய நிஅம், எழுதுகோலாகிய கலம், இசையாகிய நகம் ஆகியன பின்னே வந்து திறக்கின்றன. ஒரே ஒலி, நோயிலிருந்து அருளுக்கு அதுவே பாலமாகிறது. முதலிரு பிரிவுகளை நீக்கினால் காஃபியா வெறும் ஓசையாகிவிடும். அது கடந்து வந்த வழி தெரியாது.

விருத்தத்தின் பசி

எண்சீர் விருத்தம் நல்ல யாப்பு. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் அது நான்கடி கேட்கும். ஒவ்வோரடிக்கும் எட்டுச் சீர் கேட்கும். அடித்தலை நான்கிலும் எதுகை கேட்கும். ஒரு பைத்தில் உள்ளதோ மொத்தம் எட்டுச் சீர். ஆக, ஒரு பைத்தை விருத்தமாக்குவோர் எட்டுச் சீர்ப் பொருளை முப்பத்திரண்டு சீருக்கு நீட்ட வேண்டும். மிச்சத்துக்கு என் செய்வர்? மதியே, மணியே, தேனே, நறுமலரே என்று இட்டு நிரப்புவர். விழா மலரில் நேர்ந்ததும் அதுவே. பூஸிரி ஒரு சொல்லால் சுட்டிய இடத்தில் நான்கு உவமைகள் நின்றன. எதுகைக்காக வந்தமையால் நான்கும் வாடகைக்கு அமர்த்தியவை போல நின்றன.

நம் முன்னோரும் அரபிக் கஸீதாக்களை விரித்தது உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் யாத்தார்கள். தக்மீஸ் என்பது பைத்தின் இரு பாதிகளுக்கு முன் மூன்று பாதிகளைச் சேர்த்து ஐந்தாக்குவது. சேர்க்கும் மூன்றும் மூலத்தின் சந்தத்தில், மூலப் பைத்தின் முற்பாதியின் ஈற்றொலியில் அமைய வேண்டும். மூலத்தின் ஒரு சொல்லையும் அசைக்கலாகாது. சேர்ப்பவன் மூலத்துக்கு வழிவிட்டு முன்னே நின்று கட்டியம் கூறுகிறான். பெரியோர் விரித்த முறை இது. நாமோ மூலத்தை வெட்டிவிட்டு நம் சரக்கை நிரப்புகிறோம்.

'அப்படியாயின் தமிழில் எந்த யாப்பு?' என்று கேட்கலாம். நம் வீட்டிலேயே இருக்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் கண்ணிகளை எடுத்துப் பாருங்கள். இரண்டடிக்கு ஒரு கருத்து. பராபரக் கண்ணியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளியில் வந்து முடிகிறது. பைத்தின் அளவும் காஃபியாவின் ஒருமையும் கண்ணியில் தாமாகவே பொருந்துகின்றன. புர்தாவைத் தமிழாக்க முனைவோர் கண்ணியை முயன்று பார்க்கட்டும். இடம் சிறிது, பொய்ச் சரக்கு நுழையாது.

ஸுஹைரும் ஹரிமும்

நாம் இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் வெறும் இலக்கணப் பற்று அன்று. அதனைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்பதாம் பிரிவின் தொடக்கத்தில் பூஸிரி தம் பாட்டின் நோக்கத்தைத் தாமே சொல்கிறார். பிறருக்குப் பாடியும் பணிசெய்தும் கழித்த வாழ்நாளின் பாவத்துக்கு விடுதலை வேண்டியே இப்புகழால் அண்ணலாருக்குப் பணி செய்தேன் என்கிறார். பணி என்ற வேர்ச்சொல்லில் பைத்தைத் தொடங்கி அதே வேர்ச்சொல்லில் முடிக்கிறார். தலையையும் ஈற்றையும் ஒரே வேரால் பூட்டும் இவ்வணியில் அரசவையின் பணியும் அண்ணலாரின் பணியும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அப்பிரிவின் இறுதிப் பைத்தில், ஹரிமைப் புகழ்ந்து ஸுஹைர் பெற்ற உலகச் செல்வம் எனக்கு வேண்டா என்கிறார். ஸுஹைர் யார்? கஅபின் தந்தை, முஅல்லகாக் கவிஞருள் ஒருவர். தந்தை பொருளுக்காகப் புகழ்ந்தார்; மகன் உயிருக்கு மன்னிப்பு வேண்டிப் புகழ்ந்தார். பூஸிரி தாம் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதை இங்கே அறிவித்துவிட்டார்.

அப்பைத்தின் காஃபியாச் சொல் ஹரிம். பதின்மூன்றாம் பைத்தின் காஃபியாச் சொல் முதுமை எனப் பொருள்படும் ஹரம். எழுத்துகள் மூன்றும் ஒன்றே. நடு எழுத்தின் உயிர் மட்டும் வேறு. முன்னே தம் முதுமையின் முன் விழித்த கவிஞர், பின்னே வள்ளலின் பெயரைக் கைவிடுகிறார். முதலிரு பிரிவுகள் இல்லாதவனுக்கு இந்த ஒலி உறவு கேட்காது.

பாவியை நீக்கிவிட்டுப் புகழை மட்டும் வைத்துக்கொண்டால் புர்தா என்னவாகும்? ஸுஹைர் ஹரிமுக்குப் பாடியது போன்ற அரசவைப் பாட்டாகும். எதனை வேண்டேன் என்று பூஸிரி கைவிட்டாரோ, அதனையே அவர் தலையில் கட்டுகிறோம். நம் விழாக்களில் புகழ்ச்சிக்கு என்ன குறை? தலைவரைப் புகழ்கிறோம், புரவலரைப் புகழ்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அவ்வரிசையிலேயே புர்தாவையும் அமர்த்த விரும்புவோர்க்குத்தான் 'அநீதி இழைத்தேன்' என்று அழும் முதற்பகுதி இடையூறாக இருக்கிறது.

நேரம் குறைவாயின் ஒரு பிரிவை மட்டும் ஓதுங்கள், 'இஃது இன்ன பிரிவு' என்று சொல்லி ஓதுங்கள், குற்றமில்லை. வெட்டியதை முழுமை என்று அச்சிடாதீர்கள். மதரஸாக்களில் புர்தாவை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியப் பெருமக்கள் பஸீதின் வாய்பாட்டையும் ஒரு நாள் தட்டிக் காட்டுங்கள். தமிழ் கற்பிப்போர் இயைபுத் தொடைக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும்போது காஃபியாவை ஒருமுறை நினைவுகூருங்கள்.

பூஸிரி (ரஹ்) அவர்கள் நோயைச் சொன்னார்கள்; பின்னரே போர்வை கிடைத்தது. நாம் நோயை மறைத்துக்கொண்டு போர்வைக்குக் கை நீட்டுகிறோம்.